சூதாட்ட ஆய்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்லைன் ரம்மித் தடை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு தரப்பும் "ஆய்வுகளே சொல்கின்றன" என்கின்றன. எந்த ஆய்வு, யார் செய்தது, எப்படி அளந்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று அடுத்த கேள்வி கேட்டால் அநேகமாகப் பேச்சு நின்றுவிடும். அந்த அடுத்த கேள்விகளுக்கான பக்கம் இது. இந்தத் துறையில் பெரும்பகுதி வேலை பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, நார்வே, ஸ்வீடன் போன்ற நாடுகளில்தான் நடந்திருக்கிறது. அதனால் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே அதிகம் வருகின்றன.

சூதாட்டத்தை நோய் என்று எப்போதிலிருந்து சொல்கிறார்கள்?

மருத்துவர்களுக்கு முன்னால் சூதாடிகளே சொல்லிவிட்டார்கள். 1957ல் லாஸ் ஏஞ்சலீஸில், குடியை விட நினைப்பவர்களின் கூட்டங்களைப் பார்த்து, சூதை விட நினைத்தவர்கள் தங்களுக்கென ஒரு கூட்டத்தைத் தொடங்கினார்கள். 1972ல் ஓஹையோ மாநிலத்தின் பிரெக்ஸ்வில்லில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ராபர்ட் கஸ்டர் என்ற மனநல மருத்துவர் சூதாடிகளை உள்நோயாளிகளாகச் சேர்த்துச் சிகிச்சை தர ஆரம்பித்தார். அவரைப் போன்றவர்களின் முயற்சியால்தான் 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலான டி.எஸ்.எம்.மில் இது இடம்பிடித்தது. அப்போது அதை வைத்த இடம் வேடிக்கையானது. காரணமில்லாமல் திருடத் தூண்டும் நோய், தீ வைக்கத் தூண்டும் நோய் இவற்றோடு சேர்த்து, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளில் ஒன்று என்றார்கள்.

2013ல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை அங்கிருந்து எடுத்து மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தின் பக்கத்தில் வைத்தது. எந்தப் பொருளையும் உட்கொள்ளாமலே வரும் ஓர் அடிமைத்தனத்தை அந்தப் பட்டியல் முழு நோயாக ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் முறை. அதில் ஒன்பது அறிகுறிகள் உண்டு. ஓராண்டுக்குள் நான்கோ அதற்கு மேலோ இருந்தால் நோய். பழைய பட்டியலில் திருட்டு, மோசடி போன்ற குற்றங்களும் ஓர் அறிகுறியாக இருந்தன, அதை நீக்கிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியலின் பதினோராம் பதிப்பும் இதை அடிமைத்தனங்களோடு சேர்க்கிறது. அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

ஒன்பதில் இரண்டு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒன்று, விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பப் போவது. இன்னொன்று, கடன் கழுத்தை நெரிக்கும்போது அப்பாவோ மாமனாரோ வந்து அடைத்துக் காப்பாற்றுவது.

ஒருவருக்குச் சிக்கல் இருக்கிறதா என்று எப்படி அளக்கிறார்கள்?

கேள்வித்தாள் வைத்துத்தான். ரத்தப் பரிசோதனை மாதிரி எதுவும் கிடையாது.

பழைய கேள்வித்தாள் 1987ல் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் சவுத் ஓக்ஸ் மருத்துவமனையில் ஹென்றி லெசியரும் ஷீலா புளூமும் தயாரித்த இருபது கேள்விகள். அதில் பாதிக்கும் அருகே, யாரிடம் கடன் வாங்கினாய், எதை விற்றாய் என்ற ரகம். மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை வைத்து உருவாக்கியது என்பதால் நோயாளியை அடையாளம் காண அது நன்றாகவே உதவியது. அதையே தூக்கிக்கொண்டு போய் ஊர் முழுக்கக் கேட்டபோது, சிக்கல் இல்லாதவர்களையும் சேர்த்துக் காட்டியது.

இப்போது அதிகம் பயன்படுவது 2001ல் கனடாவில் வந்த பி.ஜி.எஸ்.ஐ. ஒன்பது கேள்விகள், எல்லாம் கடந்த 12 மாதங்களைப் பற்றியவை. தாங்க முடியாத அளவுக்குப் பணம் வைத்தீர்களா, அதே பரபரப்புக்கு முன்பைவிட அதிகப் பணம் தேவைப்பட்டதா, விட்டதைப் பிடிக்கத் திரும்பப் போனீர்களா, கடன் வாங்கியோ பொருளை விற்றோ ஆடினீர்களா, உங்களுக்கே இது சிக்கல் என்று தோன்றியதா, மற்றவர்கள் குறை சொன்னார்களா, குற்ற உணர்ச்சி வந்ததா, உடல்நலமோ மனநலமோ கெட்டதா, வீட்டில் பணக் கஷ்டம் வந்ததா. ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் 0, 'எப்போதாவது' என்றால் 1, 'பெரும்பாலும்' என்றால் 2, 'ஏறக்குறைய எப்போதும்' என்றால் 3. மொத்தம் 27. கூட்டுத்தொகை 8ஐத் தொட்டால் சிக்கலான சூதாட்டம். 3 முதல் 7 வரை மிதமான ஆபத்து. 1 அல்லது 2 குறைந்த ஆபத்து.

இது மருத்துவரின் முடிவு அல்ல. மக்கள்தொகையில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கச் செய்த கருவி. ஆனாலும், நேர்மையாகப் பதில் சொன்னால், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள மோசமான வழியும் அல்ல.

பிரிட்டனில் 0.3 சதவீதம் என்கிறார்கள், 2.5 சதவீதம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இந்தத் துறையில் ஒரே ஒரு சண்டையைத்தான் விளங்கிக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால், இதைத் தேர்ந்தெடுங்கள்.

பிரிட்டனில் 1999, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் சூதாட்டத்துக்கென்றே பெரிய கணக்கெடுப்புகள் நடந்தன. அப்புறம் தனிக் கணக்கெடுப்பை நிறுத்திவிட்டு, மக்களின் உடல்நலம் பற்றிய பொதுக் கணக்கெடுப்பில் இந்தக் கேள்விகளைச் சொருகினார்கள். இங்கிலாந்தில் 2021ல் அப்படி எடுத்ததில் 8ஓ அதற்கு மேலோ மதிப்பெண் வந்தவர்கள் 0.3 சதவீதம். பிறகு சூதாட்ட ஆணையம் புதிய முறைக்கு மாறியது. வீடுகளுக்குக் கடிதம் போகும். இணையத்திலோ தாளிலோ தாங்களே நிரப்பி அனுப்ப வேண்டும். 2023க்கான அதன் முதல் ஆண்டு அறிக்கை 2024 ஜூலையில் வந்தது. அதில் 2.5 சதவீதம்.

இரண்டும் ஒரே ஒன்பது கேள்விகள். 8 என்ற அதே எல்லை. ஆனால் ஒன்றின்படி பார்த்தால் நாடு முழுவதும் ஒன்றரை லட்சம் பேருக்குச் சற்று மேல். இன்னொன்றின்படி பதிமூன்று லட்சம்.

எப்படி இவ்வளவு வித்தியாசம்? முதல் வழியில் ஆய்வாளர் வீட்டுக்கே வருகிறார். கேள்வித்தாளைத் தனியாக நிரப்பச் சொன்னாலும் பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்கலாம், பிள்ளைகள் எட்டிப் பார்க்கலாம். ஊருக்குத் தெரியாமல் கடன் வாங்கி ஆடுகிறவர் அந்த இடத்தில் உண்மையைச் சொல்வாரா? மாட்டார். ஆக, அந்த எண் குறைவாக வர வாய்ப்பு உண்டு. இரண்டாம் வழியில் தனிமை கிடைக்கிறது; உண்மை வரும். ஆனால் கடிதம் கிடைத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் பதில் அனுப்பினார். அந்த ஒருவர் யார்? சூதாட்டம் பற்றிய கணக்கெடுப்பு என்று கடிதத்திலேயே தெரிந்தால், ஆடாதவர் கிழித்துப் போடுவார், ஆடுகிறவர் எடுத்து வைப்பார். ஆக, அந்த எண் அதிகமாக வர வாய்ப்பு உண்டு.

லண்டன் பொருளாதாரப் பள்ளியின் பேட்ரிக் ஸ்டர்ஜிஸ் 2024 தொடக்கத்தில் இந்தப் புதிய முறையை ஆராய்ந்து சொன்னது இதுதான்: கணக்கெடுப்பு பொதுவாக நன்றாக அமைந்திருக்கிறது, ஆனால் சிக்கலான சூதாட்டம் பற்றிய எண்ணை மட்டும் மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டும், அது உண்மையைவிடக் கணிசமாகக் கூடியிருக்கலாம்.

சூதாட்ட நிறுவனங்களுக்கு 0.3 பிடித்துப்போனது. கட்டுப்பாடு கேட்பவர்களுக்கு 2.5 பிடித்துப்போனது. உண்மை இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் 'நடுவில்' என்று சொல்லிவிட்டு 1.4 என்று ஒரு எண்ணை நாமே போட்டுக்கொள்வதும் தப்பு. இரண்டு முறைகளிலும் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும், எவ்வளவு என்றுதான் தகராறு. ஒரு காரியம் மட்டும் உறுதியாகச் செய்யக் கூடாது: 2021ன் எண்ணையும் 2023ன் எண்ணையும் பக்கத்தில் வைத்து "இரண்டே ஆண்டில் எட்டு மடங்கு" என்று தலைப்புப் போடுவது. மாறியது அளவுகோல்.

எதுவாக இருந்தாலும் ஒன்று இரண்டு சதவீதம்தானே? இதற்கா இவ்வளவு சத்தம்?

அந்தச் சதவீதத்தின் கீழே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மொத்த மக்கள்தொகை, வாழ்நாளில் ஒரு லாட்டரிச் சீட்டுகூட வாங்காத பாட்டியும் அதில் சேர்த்தி. ஆடுகிறவர்களை மட்டும், அதுவும் எதை ஆடுகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் எண் ஏறும். 2024 அக்டோபரில் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமம் அமைத்த நிபுணர் குழு உலக ஆய்வுகளைத் தொகுத்தது. ஆன்லைன் கேசினோ, ஸ்லாட் (பணம் கட்டி, சுழலும் படங்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது) வகை ஆட்டங்களை ஆடும் பெரியவர்களில் 15.8 சதவீதம் பேருக்கும் வளரிளம் பருவத்தினரில் 26.4 சதவீதம் பேருக்கும் சூதாட்டக் கோளாறு இருக்கலாம் என்றது அந்த அறிக்கை.

அப்புறம் காசு எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு. ஆஸ்திரேலியாவில் போக்கி என்று சொல்லும் ஸ்லாட் மெஷின்களில் மக்கள் விடும் பணத்தில் சுமார் 40 சதவீதம் சிக்கலான சூதாடிகளின் பணம் என்று அந்நாட்டு அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010ல் மதிப்பிட்டது. துல்லியமான எண் அல்ல. 22 முதல் 60 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று ஆணையமே சொன்னது. குறைந்தபட்ச எண்ணையே எடுத்துக்கொண்டாலும், மக்களில் ஒரு சதவீதம்கூட இல்லாதவர்களிடமிருந்து வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு வருகிறது. "சிலருக்குத்தான் சிக்கல்" என்பதும், "அந்தச் சிலர் இல்லாமல் தொழில் ஓடாது" என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

ஒரு சிக்கலான சூதாடியால் சுற்றியிருக்கும் ஆறு பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று 2017ல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கணித்தது. நம் ஊர்க் குடும்பங்களின் அளவுக்கு அது குறைவாகவே படுகிறது.

தோற்கிறோம் என்று தெரிந்தும் ஏன் நிறுத்த முடிவதில்லை?

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் அதிகம் இழுக்கும் என்பதைப் புறாக்களை வைத்து அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1950களிலேயே காட்டிவிட்டார். அது பழைய கதை. இந்தத் துறையில் சுவையான வேலை நடந்தது 2000க்குப் பிறகு, ஆய்வாளர்கள் ஆடுகிறவனை விட்டுவிட்டு மெஷினைப் பார்க்க ஆரம்பித்தபோது.

முதலில், மயிரிழையில் போனது. மூன்று படங்களில் இரண்டு பொருந்தி மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நின்றுவிடும். கணக்குப்படி அது முழுத் தோல்வி. அடுத்த ஆட்டத்தைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழு 2009ல் ஆட்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து எளிய ஸ்லாட் ஆட்டம் ஒன்றை ஆடவைத்தது. மயிரிழைத் தோல்வி அவர்களுக்கு வெறும் தோல்வியைவிட அதிக எரிச்சலைத் தந்தது. ஆனால் தாங்களே படத்தைத் தேர்ந்தெடுத்த ஆட்டங்களில், மேலும் ஆட வேண்டும் என்ற ஆசையையும் கூட்டியது. ஜெயிக்கும்போது மூளையில் வேலை செய்யும் பகுதிகள் சில அப்போதும் வேலை செய்தன.

அடுத்தது இன்னும் தந்திரமானது. நவீன ஸ்லாட்டில் ஒரே நேரத்தில் இருபது வரிசைகளில் பந்தயம் கட்டலாம். நூறு ரூபாய் வைக்கிறீர்கள். ஏதோ ஒரு வரிசையில் முப்பது ரூபாய் விழுகிறது. எழுபது ரூபாய் நட்டம். ஆனால் மெஷின் மணி அடித்து, விளக்குப் போட்டு, பாட்டுப் பாடுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக் டிக்சன் குழு 2010ல் ஆடுகிறவர்களின் தோல் வியர்வையை அளந்து பார்த்தது. இந்தப் பொய் வெற்றிக்கு உடம்பு காட்டிய பரபரப்பு உண்மையான வெற்றிக்குக் காட்டியதைப் போலவே இருந்தது.

ஆய்வு ஆய்வாகவே போய்விடுவதில்லை என்பதற்கும் இதுவே சாட்சி. 2021 அக்டோபர் முதல் பிரிட்டனில் ஆன்லைன் ஸ்லாட்டுகள், வைத்ததைவிடக் குறைவாகத் திரும்பி வரும்போது கொண்டாட்ட ஒலி எழுப்பக் கூடாது. ஒரு சுற்று இரண்டரை விநாடிக்குக் குறைவாக முடியக் கூடாது. தானாக ஓடும் வசதியும் கூடாது.

பேராசையும் மன உறுதி இல்லாததும்தானே காரணம்?

எல்லோரும் ஒரே வழியில் இங்கே வந்து சேர்வதில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் பிளாஷின்ஸ்கி, லியா நோவருடன் சேர்ந்து 2002ல் மூன்று பாதைகளைப் பிரித்தார். முதல் வகையினர் சாதாரண ஆட்கள். நண்பர்களோடு ஆரம்பித்து, முதலில் கொஞ்சம் ஜெயித்து, விட்டதைப் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள். ஆட்டத்தை விட்டால் மற்றதெல்லாம் சரியாகும். இரண்டாம் வகையினர் மனச்சோர்விலிருந்தோ பழைய காயத்திலிருந்தோ தப்பிக்க ஆடுகிறவர்கள். இவர்களுக்கு ஆட்டத்தை மட்டும் நிறுத்தினால் போதாது. மூன்றாம் வகையினர் சிறு வயதிலிருந்தே எதிலும் பொறுமையில்லாமல் பாய்கிறவர்கள். குடி, சண்டை எல்லாம் கூடவே வரும். இந்தப் பிரிவு எல்லா நாட்டுத் தரவுகளிலும் சுத்தமாகப் பொருந்துகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் சிகிச்சை அளிப்பவருக்கு மிகவும் உதவுகிறது.

'மன உறுதி' வாதத்துக்குப் பெரிய இடி விழுந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் 2005ல் பதினொரு பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நடுக்கத்துக்குத் தரும் ஒரு வகை மாத்திரை, டோபமின் என்ற மூளை ரசாயனத்தைப் போல வேலை செய்வது, எடுக்க ஆரம்பித்த பிறகு அவர்கள் கட்டுக்கடங்காமல் சூதாடினார்கள். மாத்திரையைக் குறைத்தோ நிறுத்தியோ மருத்துவர்கள் பின்தொடர்ந்து பார்த்த நோயாளிகளுக்கு அந்த வெறி அடங்கியது. இன்று அந்த மருந்துகளின் எச்சரிக்கைத் தாளிலேயே இது இருக்கிறது. வீட்டில் யாராவது இந்த மாத்திரை எடுத்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரம்மி திறமை ஆட்டம் ஆயிற்றே? திறமை ஆட்டத்துக்கும் இந்த ஆய்வுகள் பொருந்துமா?

சட்டத்தின் கேள்வி வேறு, ஆய்வின் கேள்வி வேறு. ரம்மியில் திறமையே மேலோங்கியது என்று உச்ச நீதிமன்றம் 1968ல் சொன்னது. குதிரைப் பந்தயத்துக்கும் அப்படியே 1996ல், தமிழ்நாட்டு வழக்கில் சொன்னது. அந்த அடிப்படையில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் ஆன்லைன் தடையை ரத்து செய்தது. 2023 நவம்பரிலும், மாநிலத்தின் புதிய தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டே ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது.

ஆய்வாளர் கேட்பது, இதை ஆடுகிறவருக்குத் தீங்கு வருமா என்பது. அந்தக் கேள்விக்குத் திறமை பெரிய கவசம் இல்லை. போக்கரிலும் விளையாட்டுப் பந்தயத்திலும் திறமைக்கு இடம் உண்டு, சிக்கலும் உண்டு. சொல்லப்போனால் திறமை என்ற எண்ணமே ஆபத்தைக் கூட்டலாம். அமெரிக்க உளவியலாளர் எல்லன் லாங்கர் 1975ல் வெளியிட்ட ஆய்வில், அலுவலக ஊழியர்களுக்கு ஒரு டாலர் லாட்டரிச் சீட்டு விற்றார்கள். சிலருக்குச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். சிலரைத் தாங்களே எடுக்கச் சொன்னார்கள். பிறகு திருப்பி விற்கக் கேட்டபோது, கையில் வாங்கியவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தானே எடுத்தவர்கள் கேட்டது 8.67 டாலர்! வெறும் சீட்டு எடுப்பதிலேயே இப்படி என்றால், நிஜமாகவே கொஞ்சம் திறமை தேவைப்படும் ஆட்டத்தில் "நேற்று என் கணக்குதான் தப்பு, இன்று பிடித்துவிடுவேன்" என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. அதோடு, கோயில் மண்டபத்தில் நாலு பேர் சேர்ந்து ஆடும் ரம்மிக்கு ஒரு வேகம் உண்டு. போனில் நள்ளிரவில், முகம் தெரியாதவர்களோடு, முடிந்த நொடியே அடுத்த மேசையில் ஆடும் ரம்மிக்கு வேறு வேகம்.

தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தை ஆராய 2022 ஜூனில் நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த குழுவில் ஒரு மனநல மருத்துவரும் ஐ.ஐ.டி. பேராசிரியரும் காவல்துறை அதிகாரியும் இருந்தார்கள். இரண்டு வாரங்களில் அறிக்கை கேட்டார்கள்; கிட்டத்தட்ட அதே வேகத்தில் கொடுத்தார்கள். அரசுக்கு அவசரம் இருந்தது, காரணமும் இருந்தது. ஆனால் இரண்டு வாரத்தில் மக்கள்தொகை ஆய்வு நடத்த யாராலும் முடியாது. 2025ல் மாநில அரசு நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆட்டத்துக்குத் தடை போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும் ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதையே தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. தடைக்கு முன் நிலை என்ன, பின் நிலை என்ன என்று ஒப்பிட, முன்நிலையை யாரும் முறையாக அளந்து வைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சூதாட்ட ஆய்வுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

நீண்ட காலமாக, பெரும்பகுதி, சூதாட்டத் தொழிலேதான்.

பிரிட்டனில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய வரி வசூலிக்க வழி வைத்திருந்தும் இருபது ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை. நிறுவனங்கள் தாமாக முன்வந்து நன்கொடை தரும். கேம்பிள்அவேர் என்ற அறக்கட்டளை அதை ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் பிரித்துக் கொடுக்கும். எவ்வளவு தருவது என்பது தருகிறவர் விருப்பம். 2025 ஏப்ரலில்தான் இது மாறியது. இப்போது வருமானத்தில் 0.1 முதல் 1.1 சதவீதம் வரை கட்டாயம் கட்ட வேண்டும். அதில் பாதி தேசிய சுகாதாரச் சேவை வழியாகச் சிகிச்சைக்கும், ஐந்தில் ஒரு பங்கு அரசின் ஆய்வு நிதி அமைப்பு வழியாக ஆய்வுக்கும் போகிறது. நியூசிலாந்து 2003 சட்டத்திலேயே இப்படிச் செய்துவிட்டது.

தொழில் பணம் கொடுத்தால் முடிவு பொய்யாகிவிடுமா? அப்படி இல்லை. அந்தப் பணத்தில் நேர்மையான ஆய்வுகளும் நிறைய நடந்திருக்கின்றன. பணம் முடிவை மாற்றுவதைவிட, கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. "சூதாடிகளின் மூளையில் என்ன கோளாறு?" என்ற கேள்விக்கு எளிதில் நிதி கிடைக்கும். "இந்த மெஷினின் வேகத்தைக் குறைத்தால் வருமானம் எவ்வளவு குறையும், தீங்கு எவ்வளவு குறையும்?" என்ற கேள்விக்குக் கிடைக்காது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ரெபெக்கா காசிடி குழு 2014ல் ஆய்வாளர்களையே பேட்டி கண்டு இந்தச் சாய்வைப் பதிவு செய்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 2004ல், இத்துறையின் மூன்று பெரியவர்கள் எழுதிய 'பொறுப்பான சூதாட்டம்' என்ற கட்டமைப்பு பல நாடுகளின் கொள்கையானது. தகவலைக் கொடு, முடிவை ஆடுகிறவன் எடுக்கட்டும் என்பது அதன் சாரம். பொறுப்பு முழுவதும் ஆடுகிறவன் தலையில் விழுகிறது என்ற விமர்சனம் அன்றிலிருந்து ஓயவில்லை. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

தரவும் ஒருவகைப் பணம்தான். பிவின் என்ற ஆன்லைன் பந்தய நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் சுமார் 40 ஆயிரம் பேரின் பதிவுகளை ஹார்வர்ட் ஆய்வாளர்களுக்குக் கொடுத்ததால்தான், ஆட்கள் நிஜமாக எவ்வளவு கட்டுகிறார்கள் என்பது 2007ல் முதல்முறையாகப் பெரிய அளவில் தெரியவந்தது. பெரும்பாலோர் சிறு தொகை. உச்சியில் இருந்த ஒரு சிறு கூட்டம் அதைவிட எத்தனையோ மடங்கு. ஆனால் எதைத் திறப்பது, எதை மூடிவைப்பது என்பது நிறுவனத்தின் கையில். இதைத் தாண்ட ஒரு குழு வங்கிக்குப் போனது. பிரிட்டனின் ஒரு பெரிய வங்கியின் 65 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பெயர் நீக்கி ஆராய்ந்து 2021ல் வெளியிட்டார்கள். சூதாட்டத்துக்குப் போகும் பணம் கூடக்கூடக் கடன் சிக்கல், வேலை இழப்பு, இறப்பு எல்லாம் கூடுதலாக இருந்தன. எது எதற்குக் காரணம் என்று அந்தத் தரவு மட்டும் சொல்லாது. ஆனால் கேள்வித்தாளில் பொய் சொல்லலாம், வங்கிக் கணக்கில் முடியாது.

தற்கொலைக்கும் சூதாட்டத்துக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்பட்டதா?

தொடர்பு வலுவாக இருக்கிறது. ஸ்வீடனில் சூதாட்டக் கோளாறு என்று மருத்துவர் பதிவு செய்த சுமார் 2,100 பேரைப் பொது மக்களோடு ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வில், தற்கொலை விகிதம் 15 மடங்கு. இவர்கள் மருத்துவமனை வரை வந்தவர்கள், பலருக்கு மனச்சோர்வும் இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கடனும் அவமானமும் ஒன்று சேரும் நேரம்தான் மோசமான நேரம் என்பதைச் சிகிச்சை அளிப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ அந்த நிலையில் இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள். கட்டணம் இல்லை.

எதைச் செய்தால் தீங்கு குறைகிறது என்று தெரியுமா?

ஓரளவு தெரியும். நார்வே 2006ல் ஸ்லாட் மெஷின்களில் பண நோட்டு போடும் வசதியை நிறுத்தியது. 2007 ஜூலையில் மெஷின்களையே ஊரைவிட்டு எடுத்தது. மக்கள் வேறு சூதுக்கு அப்படியே தாவிவிடுவார்கள் என்ற பயம் பெரிய அளவில் பலிக்கவில்லை. ஆடுவோரும் குறைந்தார்கள், உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளும் குறைந்தன. பின்னர் வேகம் குறைந்த, இழப்புக்கு வரம்பு வைத்த மெஷின்களை அரசு நிறுவனமே கொண்டுவந்தது.

சிகிச்சையில், 'அடுத்தது எனக்குத்தான்' போன்ற எண்ணங்களையும் பழக்கங்களையும் பிடித்துத் திருத்தும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்குத்தான் அதிக ஆதாரம். குடிப்பழக்கத்துக்கும் அபின் வகைப் போதைக்கும் தரும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையைச் சிலருக்கு முயல்கிறார்கள். 'பொறுப்போடு விளையாடுங்கள்' என்ற விளம்பர வரிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

இந்தியாவில் ஆய்வே இல்லையா?

இருக்கிறது, குறைவு. குறிப்பிடத்தக்க ஒன்று கேரளத்தில், எர்ணாகுளம் மாவட்டக் கல்லூரிகளில் 5,580 மாணவர்களிடம் நடத்தி 2016ல் வெளியானது. ஐந்தில் ஒருவர் ஒருமுறையாவது சூதாடியிருந்தார், மொத்தத்தில் 7.4 சதவீதம் பேர் சிக்கல் வகையில் வந்தார்கள். அங்கே அதிகம் ஆடியது அரசே 1967 முதல் நடத்தும் லாட்டரி. லாட்டரிக்கு 2003ல் தடை போட்ட தமிழ்நாட்டுக்கு அந்த எண்ணை அப்படியே கொண்டுவர முடியாது. மாணவர்களிடம் எடுத்த எண்ணை நாட்டுக்கே பொருத்துவதும் தவறு.

நான் முதுகலை மாணவன். இதில் ஆய்வு செய்ய என்ன வாய்ப்பு?

நிறைய. தடைக்குப் பிறகு ஆடுகிறவர்கள் எங்கே போனார்கள் என்பதே முதல் கேள்வி: நிறுத்திவிட்டார்களா, வெளிநாட்டு ஆப்புக்குத் தாவினார்களா, தெருமுனைச் சீட்டுக்குத் திரும்பினார்களா? இரண்டாவது, கடன் ஆப்புக்கும் ஆட்ட ஆப்புக்கும் இடையில் ஒரே போனில் என்ன நடக்கிறது என்பது. மூன்றாவது, மனைவிமார்கள். மேற்கத்திய ஆய்வுகளில் கணவன் மனைவி தனித்தனிக் கணக்கு வைத்திருப்பார்கள் என்ற அனுமானம் இருக்கிறது. நகைக் கடனும் மகளிர் குழுக் கடனும் அந்தக் கேள்வித்தாள்களில் இல்லை.

பி.ஜி.எஸ்.ஐ.யைத் தமிழில் பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் முப்பது நாற்பது பேரிடம் வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். சட்டப்படி தடையான ஒன்றைப் பற்றிக் கேட்கிறீர்கள்; அதனால் பெயர், போன் எண் எதையும் பதில் தாளோடு சேர்த்து வைக்காதீர்கள். உங்கள் கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழு கேட்கும் முன்பே, 8ஓ அதற்கு மேலோ மதிப்பெண் வருகிறவரை யாரிடம் அனுப்புவீர்கள் என்று எழுதி வையுங்கள். வீட்டுக்குப் போய்ப் பேட்டி எடுப்பதாக இருந்தால் திண்ணையில் வேண்டாம், அவர் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் டீக்கடை இருந்தால் அங்கே தனியாக உட்காருங்கள்.